ஒரு கை மட்டும் வேலை செய்பவருக்கு உண்மையில் எந்தக் கருவி பயன்படும்?

தம்பிக்காரன்:

வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறாள். பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது, சில வார்த்தைகள் மட்டும் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும். வலது கைதான் வரவில்லை. தோளைக் கொஞ்சம் தூக்குவாள், விரல்கள் மடங்கியே இருக்கின்றன. அவள் வலது கைக்காரி, அதனால் இடது கையைப் பழக்குவதே தனிப் போராட்டம்.

பிரச்சினை என்னவென்றால், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சாமான் வாங்கி வந்து கொடுத்து ஒரு பெட்டியே நிறைந்துவிட்டது. சாக்ஸ் மாட்டும் கருவி, வளைந்த ஸ்பூன், அடியில் நாலு கால் வைத்த தடி, கீழே கிடப்பதை எடுக்கும் நீள இடுக்கி, அமுக்குகிற பந்து இரண்டு. எல்லாவற்றையும் ஒவ்வொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் எதை நீட்டினாலும் "வேண்டாம்" என்கிறாள். மனச்சோர்வா, பிடிவாதமா, இல்லை அந்தச் சாமான்களே சரியில்லையா என்று தெரியவில்லை. விளம்பரத்தில் இருப்பதைச் சொல்லாதீர்கள். தினமும் நீங்கள் கையில் எடுக்கிற பொருள் எது, அதைச் சொல்லுங்கள்.

ஒற்றைக்கை:

பத்தொன்பது வருடமாக ஒரு கையால் வாழ்கிறேன் (விபத்து, இடது கை நரம்புகள் போய்விட்டன, கை இருக்கிறது, உபயோகம் இல்லை). உங்கள் அக்காவிடம் பிடிவாதம் எதுவும் இல்லை. சாக்ஸ் மாட்டும் கருவி என்றால் இரண்டு பக்கமும் கயிறு கட்டிய அந்த பிளாஸ்டிக் தொட்டிதானே? அதற்குள் சாக்ஸைச் செருகுவதற்கே இரண்டு கை வேண்டும், அப்புறம் இரண்டு கயிற்றையும் ஒன்றாக இழுக்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்குச் செய்த பொருள் அது. ஒரு கைக்காரிக்கு அதை வாங்கிக் கொடுத்தால் கட்டிலுக்கு அடியில்தான் போகும்.

நான் தினமும் எடுக்கிற பொருள் எது என்றால், சிரிக்காதீர்கள், வழுக்காத ரப்பர் விரிப்பு. அவ்வளவுதான். ஒரு கை போனதும் முதலில் தெரிகிற விஷயம், மற்ற கை இத்தனை நாளும் வேலை செய்யவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது என்பது. எழுதும்போது தாளைப் பிடித்தது, கலக்கும்போது பாத்திரத்தைப் பிடித்தது, திறக்கும்போது பாட்டிலைப் பிடித்தது. அந்தப் பிடிக்கிற வேலையை வேறு எதன் தலையிலாவது கட்ட வேண்டும். விரிப்பு பிடிக்கும், தொடை பிடிக்கும், மேசை டிராயர் பிடிக்கும். மூடி இறுகின ஜாடியை டிராயருக்குள் பாதி இறக்கி, இடுப்பால் டிராயரைத் தள்ளி நெருக்கிக்கொண்டு மூடியைத் திருகிப் பாருங்கள், எந்தக் கருவியும் வேண்டாம். ஈரத் துணியைக் குழாயைச் சுற்றி ஒரு மடிப்பு போட்டு முறுக்கினால் பிழிந்துவிடலாம்.

பாக்கெட்டைப் பல்லால் மட்டும் கிழிக்க விடாதீர்கள். எனக்கு முன்பல் ஒன்று பாதி இல்லை, அதனால் சொல்கிறேன். வெட்டியதும் தானாக விரிகிற ஸ்பிரிங் கத்தரிக்கோல் ஒன்று போதும்.

சாக்ஸ் விஷயம்: காலை மறு கால் மேல் போட்டுக்கொண்டு, சாக்ஸ் வாய்க்குள் ஐந்து விரலையும் விட்டுக் குடைபோல விரித்து, கால் கட்டைவிரல் முனையில் மாட்டி அப்படியே இழுக்க வேண்டும். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு வந்துவிடும். ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ், இல்லை வெல்க்ரோ.

கைப்பயிற்சி:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவது என் வேலை. ஒற்றைக்கை சொன்னது அத்தனையும் சரி, பிடிக்கிற கை பற்றிச் சொன்னதை இனி நானும் எடுத்துக்கொள்வேன்.

அந்தப் பெட்டியில் இருப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். முதலில் பந்து. விரல்கள் ஏற்கெனவே இறுகி மடங்கியிருக்கும்போது பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் நல்லதல்ல, அந்த இறுக்கத்தையே அது கூட்டிவிடலாம். விரலை விரிக்கிற பயிற்சிதான் வேண்டுமா, விரல் மடங்காமல் தாங்க இரவில் கட்டிக்கொள்ளும் ஸ்பிளிண்ட் வேண்டுமா என்பதைக் கையைப் பார்க்கிற தெரபிஸ்ட் சொல்லட்டும். அதுவரை பந்து பெட்டியிலேயே இருக்கட்டும்.

நாலு கால் தடி. பார்க்க உறுதியாகத் தெரியும். நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட்டால்தான் அந்த உறுதி. மேடு பள்ளத்தில் ஆடும், வேகமாக நடக்கிறவர்களுக்குத் தடுக்கும். ஒற்றைத் தடியில் நடக்கிறாள் என்றால் எதற்காக மாற்ற வேண்டும்? ஆனால் தடியின் உயரத்தைப் பாருங்கள். ஷூ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிகிற ரேகைக்கு நேராகக் கைப்பிடி வர வேண்டும், பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். பாதிப்பு வலது பக்கம் என்பதால் தடி இடது கையில். அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

உடுத்தும்போது பாதித்த கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில். இந்த ஒன்று தெரிந்தாலே காலையில் கால் மணி நேரம் மிச்சம். எழுப்பிவிட உதவுகிறோம் என்று பாதித்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தசை தளர்ந்த தோள் மூட்டிலிருந்து இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் இருக்கும். இன்னொன்று, வலது கையில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்திருந்தால் குளிக்கிற தண்ணீரின் சூட்டை இடது கையால்தான் பார்க்க வேண்டும்.

வட்டச்சக்கரம்:

நான் சக்கர நாற்காலிக்காரன், முதுகுத்தண்டு. கை இரண்டும் நன்றாக இருக்கிறது, அதனால் சமையலறை விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. குளியலறை பற்றி மட்டும்.

சுவரில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி வாங்கவே வாங்காதீர்கள். துளை போட வேண்டாம், ஒரு நிமிடத்தில் மாட்டலாம் என்று போட்டிருந்தார்கள். எனக்கும் ஆசை. இரண்டு வாரம் கல்லுபோல நின்றது. மூன்றாவது வாரம் நாற்காலியிலிருந்து குளிக்கும் ஸ்டூலுக்கு மாறும்போது கையோடு வந்துவிட்டது, விழுந்ததில் தொடை எலும்பு. சுவர் டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற கோடு, சோப்புப் படலம், ஈரம், எது வழியாகக் காற்று புகுந்தாலும் பிடி போய்விடும். போகிற நேரத்தைச் சொல்லிவிட்டா போகும்? கைப்பிடி என்றால் சுவரில் துளையிட்டு ஸ்க்ரூ முடுக்கியது. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுவதும் இதே கதைதான், துண்டின் எடைக்குத்தான் அதை மாட்டியிருக்கிறார்கள். கைப்பிடியை எந்தப் பக்கச் சுவரில் வைப்பது என்பதையும் யோசியுங்கள், அக்காவுக்கு இடது கைக்கு எட்டுகிற பக்கம் வேண்டும். உட்காரும்போது இடது பக்கம் சுவர் வந்தால் எழும்போதும் அதுதான் இடது பக்கம், ஆனால் உள்ளே நுழையும்போது ஒரு பக்கம், வெளியே வரும்போது எதிர்ப் பக்கம். அதனால் வாசலில் இரண்டு தேவைப்படலாம்.

உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலியும், கையில் பிடிக்கிற ஷவரும் போடுங்கள். கழிப்பறை இருக்கையை உயர்த்தினால் எழுவது பாதி சுலபம். வீட்டில் கட்டில், நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான், முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருந்தால் எழலாம், கீழே இருந்தால் ஆள் வேண்டும்.

பின்னால் இந்த இழையைப் படிக்கிற சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒரே வரி: நாற்காலியைவிட மெத்தைக்கு அதிகம் யோசியுங்கள், கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை உடம்பைத் தூக்கியோ சாய்ந்தோ எடையை மாற்றுங்கள், அழுத்தப் புண் வந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. சாய்தளம் போடுகிறவர்களிடம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று சொல்லுங்கள், படி 15 செ.மீ. உயரம் என்றால் பலகை 180 செ.மீ. நீளம். "கொஞ்சம் செங்குத்தாக இருந்தால் என்ன, தள்ளிவிடுகிறோம்" என்பார்கள். எப்போதும் தள்ளிவிட ஆள் நிற்பாரா?

புள்ளியெழுத்து:

எனக்குக் கண் தெரியாது, கை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தம்பி எழுதியதில் ஒரு வரி உறுத்துகிறது. "நான் எதை நீட்டினாலும் வேண்டாம் என்கிறாள்." நீங்கள் நீட்டுவதற்கு முன்னால் எது கஷ்டம் என்று அவரிடம் கேட்டீர்களா? அவருக்கு வாசிக்க வருகிறது, ஒரு கை இருக்கிறது, ஃபோனும் இருக்கும். அவரே இங்கு வந்து கேட்கலாமே.

எனக்கும் ஒருவர் அன்போடு கோப்பையில் மாட்டும் கருவி ஒன்று தந்தார். விளிம்பில் கொக்கிபோல மாட்டினால் தண்ணீர் அந்த இரண்டு கம்பியைத் தொட்டதும் பீப் என்று கத்தும். நல்ல கருவிதான், புதிதாகப் பார்வை இழந்தவர்களுக்கு முதல் நாளே நம்பிக்கை தரும். எனக்குப் பிறவியிலிருந்தே இல்லை. கோப்பை நிறையும்போது சத்தம் ஏறுவது காதுக்குத் தெரிகிறது, கனம் கைக்குத் தெரிகிறது. எனக்கு வேண்டியிருந்தது வேறு. பட்டனே இல்லாத வழவழ கண்ணாடி அடுப்பில், வழவழ துணி துவைக்கும் மெஷினில் எங்கே தொடுவது என்று தெரியவில்லை. அதற்குச் சின்னதாகப் புடைத்த ஒட்டுப் பொட்டு போதும், எந்த இடத்துக்கு எத்தனை என்று நானே முடிவு செய்து ஒட்டிக்கொண்டேன். ஷாம்பு பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்டு, அதேபோல இருக்கிற இன்னொன்றுக்கு இரண்டு. தொடுதிரையைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அதே தொடுதிரை ஃபோன்தான் இப்போது எனக்குக் கடிதம் வாசிக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2009ல் ஐஃபோனுக்குள்ளேயே திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வந்தபோது, தட்டையான கண்ணாடியில் விரலை ஓட்டினால் அது பேசும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கணினியில் நான் வைத்திருக்கிற, அதேபோலத் திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் இலவசம், அதை ஆரம்பித்த இருவருக்கும் பார்வை இல்லை. நமக்கு என்ன வேண்டும் என்று நமக்குத்தான் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். நீளமாகிவிட்டது, மன்னிக்கவும்.

தம்பிக்காரன்:

சுருக்கென்று இருந்தது, ஆனால் சரிதான். இந்த இழையை அக்காவிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு ஃபோனைத் திருப்பித் தரவில்லை.

அக்கா_இடதுகை:

நான்தான் அந்த அக்கா. மெதுவாகத்தான் எழுத வரும். சொல் சில நேரம் மாறும்.

சாக்ஸ் எனக்குப் பிரச்சினை இல்லை. போடுவதே இல்லை.

மூன்று விஷயம். ஒன்று, இடது கை நகம். வலது கை நகத்தை இடது கையால் வெட்டிக்கொள்கிறேன். இடது கை நகத்தை யார் வெட்டுவது? தம்பியிடம் கேட்க வேண்டியிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் தம்பி நகம் வெட்டிவிட உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும். இரண்டு, காய் நறுக்க வேண்டும். எனக்குச் சமைக்கப் பிடிக்கும். எல்லோரும் "நீ உட்கார்" என்கிறார்கள். மூன்று, உள்ளாடைக் கொக்கி. இதை எந்தத் தம்பியிடம் கேட்பது?

ஒற்றைக்கை:

வாங்க அக்கா. நகத்துக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. ஒரு சின்னப் பலகையில் நகவெட்டியைப் படுக்க வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறேன், பலகைக்கு அடியில் அந்த ரப்பர் விரிப்பு. விரலை வாய்ப்பகுதியில் வைத்து, நெம்பும் பகுதியை மறு கையின் முழங்கையால் அழுத்துவேன். தோளைத் தூக்க முடிகிறது என்று தம்பி எழுதியிருந்தார், அப்படியென்றால் உங்களுக்கும் முடியலாம், இல்லாவிட்டால் மோவாயால் அழுத்துகிறவர்களும் உண்டு. அதைவிட எளிது: நகம் தேய்க்கிற அரத்தை மேசை விளிம்பில் நல்ல டேப் போட்டு ஒட்டிவிட்டு, நகத்தை அதன் மேல் தேய்ப்பது. வாரத்துக்கு இரண்டு தடவை தேய்த்தால் வெட்டவே வேண்டாம். வாஷ்பேசினுக்குள் ஒட்டி நிற்கிற பிரஷ் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், இருக்கிற ஒரே கையைக் கழுவ அதுதான் துணை. இங்கே மட்டும் உறிஞ்சி ஒட்டுவது பரவாயில்லை, வட்டச்சக்கரம் கோபிக்க மாட்டார், பிரஷ் கழன்றால் யாரும் விழப்போவதில்லை.

பட்டறை:

காய் நறுக்கும் பலகை நான் சொல்கிறேன், அம்மாவுக்குச் செய்து கொடுத்தேன். கனமான பலகை, அடியிலிருந்து இரண்டு ஆணி மேலே வரும்படி அடிக்க வேண்டும், முனை மேலே இரண்டு மூன்று செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். காயை அதில் குத்தி நிறுத்தினால் நகராது, சீவலாம், நறுக்கலாம். சாதாரண ஆணி வேண்டாம், துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகுதான். ஒரு மூலையில் எல் வடிவத்தில் சின்ன விளிம்பு வைத்தால் ரொட்டித் துண்டை அதில் முட்டுக் கொடுத்து ஏதாவது தடவலாம். அடியில் ரப்பர் கால்கள். வேலை முடிந்ததும் ஆணி முனையில் கார்க்கைச் செருகி வைக்க மறக்காதீர்கள், நான் மறந்து ஒருமுறை துடைக்கப் போய் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன்.

கத்தி, முன்னும் பின்னும் ஆட்டி நறுக்குகிற அரைவட்டக் கத்தி நல்லது. நேர் கத்திபோல ஒரு பக்கம் இழுபடாது, காய் ஓடாது. கைப்பிடி மெல்லியதாக இருந்தால் பைப்புக்குச் சுற்றும் ஃபோம் குழாயை வெட்டி மேலே மாட்டுங்கள். ஆக்ஸோ என்கிற கருப்பு ரப்பர் கைப்பிடிச் சாமான்கள் 1990ல் வந்ததே இப்படித்தான். மூட்டுவாதம் உள்ள மனைவி தோல் சீவ முடியாமல் திணறுவதைப் பார்த்து, ஆக்ஸோவைத் தொடங்கிய சாம் ஃபார்பர் செய்யச் சொன்னது. இன்றைக்கு மூட்டு வலியே இல்லாதவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள். என் அம்மாவும் அதைக் "உதவிக் கருவி" என்று சொன்னால் தொடமாட்டார், நல்ல சீவல் கத்தி என்றதும் எடுத்துக்கொண்டார்.

கைப்பயிற்சி:

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன் அக்கா, கேட்டதற்கு நன்றி, இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். முன்பக்கம் கொக்கி உள்ளதாக மாற்றலாம், ஆனால் ஒரு கையால் அதுவும் கொஞ்சம் வித்தைதான். கொக்கியே இல்லாத, நன்றாக இழுபடும் துணியில், தலை வழியாகப் போடுகிறது பலருக்கு ஒத்துவருகிறது. பாதித்த கை முதலில், அப்புறம் தலை, கடைசியில் நல்ல கை. கொக்கி வைத்ததுதான் வேண்டும் என்றால், ஒரு முனையைப் பாவாடை அல்லது பேன்ட் இடுப்புப் பட்டைக்குள் செருகி நகராமல் நிறுத்தி, முன்பக்கம் மாட்டி, பிறகு சுற்றித் திருப்பி மேலே ஏற்றுவது. தையல்காரரிடம் கொடுத்து முன்பக்கம் கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ வைத்தவர்களும் உண்டு, துவைக்கும்போது வெல்க்ரோவை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றத் துணியையெல்லாம் பிறாண்டும். ஜிப் இழுக்கிற இடத்தில் சாவி வளையம் ஒன்றைக் கோத்துவிடுங்கள், விரல் நுழைந்தால் இழுத்துவிடலாம்.

எழுதுவதற்கும் ஒன்று. ஃபோனில் கீபோர்டை ஒரு பக்கமாக ஒதுக்குகிற ஒற்றைக் கை அமைப்பு இருக்கிறது. விண்டோஸில் ஷிப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும், கண்ட்ரோலையும் இன்னொரு எழுத்தையும் ஒன்றாக அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். தமிழில் பேசினால் எழுதுகிற வசதியும் உண்டு, சொல் தடுமாறினால் அது தவறாக எழுதும், அதனால் விரலிலேயே பழகுவதாக இருந்தாலும் நல்லதுதான், அவசரம் இல்லை.

அக்கா_இடதுகை:

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. நகம் தேய்த்துக்கொள்கிறேன். பலகையைத் தம்பி செய்தான், ஆணி கொஞ்சம் கோணல், காய் நிற்கிறது. நேற்று நானே நறுக்கினேன், நாற்பது நிமிடம். துண்டுகள் ஒன்று பெரிது ஒன்று சிறிது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கோபமாக இருந்தது, நன்றாக இல்லை என்றாவது சொல்லலாம்.

கொக்கி விஷயம் தீர்ந்தது. எப்படி என்று எழுத மாட்டேன்.

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தேன். இடுக்கியை எடுத்துக்கொண்டேன், ஃபோன் சார்ஜர் விழுந்தால் உதவுகிறது. சாக்ஸ் மாட்டும் கருவி புதிதாக அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?

புதுஇடுப்பு:

அக்கா, எனக்கு. போன மாதம் இடுப்பு மூட்டு மாற்றினார்கள், குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், கை இரண்டும் நன்றாக இருக்கிறது. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.